பழைய பற்றறிகள் தந்த வெளிச்சம்

இலங்கையில் மின்சாரம் பரவிய வரலாறு எழுதப்படும் போதெல்லாம் அணைக்கட்டுகளும் பொறியியலாளரும் முன்வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். 1895இல் கொழும்புக் கோட்டையில் மின்விளக்கு எரிந்தமையும், மலையகத்து நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென விமலசுரேந்திரா 1918இல் எடுத்துரைத்தமையும், அவர் கனவுகண்ட லக்சபான நிலையம் 1950இலேதான் இயங்கத் தொடங்கியமையும் நாமறிந்த செய்திகளே. அச்செய்திகளிற் பொய்யில்லை, குறைவுண்டு. 1990களின் நடுப்பகுதியிலே கூட இந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழப் பாதிக்கு மின்கம்பி எட்டியிருக்கவில்லை. அவ்வீடுகளில் இரவு எவ்வாறு கழிந்தது என்பதும் மின்சார வரலாற்றின் ஒரு பகுதியே என்பது எமது கருத்து.

மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே பெரும்பாலான வீடுகளில் எரிந்தது. ஆயினும் பல்லாயிரம் வீடுகளின் மூலையொன்றில், பலகைத் துண்டின்மேல், மோட்டார் பற்றறியொன்றும் வீற்றிருந்தது. 1979இல் இந்நாட்டில் தொலைக்காட்சி தோன்றி, 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பத் தொடங்கியபின், 12 வோல்ற்றில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் மின்கம்பி காணாத ஊர்களுக்குள்ளும் புகுந்தன. பற்றறியைச் சைக்கிளின் பின்னே கட்டி, பட்டணத்துச் சார்ஜ் கடையில் இறக்கிவிட்டு, மறுநாட் சென்று எடுத்துவருவது அவ்வூர்களின் வாராந்தக் கடமைகளுள் ஒன்றாயிற்று. புதுப் பற்றறி வாங்க வகையற்றோர், பஸ்களும் லொறிகளும் கழித்துவிட்டவற்றைத் தேடிப் பிடித்தனர்.

கழிக்கப்பட்ட பொருள் எவ்வாறு விளக்கெரிக்கும் என்று கேட்கலாம். பெரிய இயந்திரமொன்றைத் தொடக்குவதற்குச் சில விநாடிகளுக்குள் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதைத் தரமாட்டாத பற்றறி வண்டிக்காரனுக்குச் செத்த பற்றறி. ஆனால் ஒரு விளக்குக்கு வேண்டியது ஒன்றிரண்டு அம்பியரே. அதனைச் சில மணித்தியாலங்களுக்குத் தருமளவு உயிர் அச்செத்த பற்றறியிலே மிஞ்சியிருக்கும். பணக்காரனின் தேவை முடிந்த இடத்தில் ஏழையின் தேவை தொடங்கியது. அந்த இடைவெளியிலேதான் ஒரு கைத்தொழிலறிவும் வளர்ந்தது.

இக்கலத்தின் பிறப்பு வெகு எளியது. 1859இல் பிரான்சிய விஞ்ஞானி பிளாந்தே இரு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று தொடாவண்ணம் சேர்த்துச் சுருட்டி, ஐதான கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். 1881இல் அவர் நாட்டவரான ஃபோர், தகட்டின்மீது ஈய ஒட்சைட்டுப் பசையைப் பூசும் முறையைப் புகுத்தியபின் அது பெருந்தொழிலாயிற்று. மின்சாரத்தை நாம் எடுக்க எடுக்க இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேற்றுப் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மீண்டும் மின்னேற்றினால் யாவும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் இறங்கிய பற்றறியை அப்படியே பலநாள் போட்டுவைத்தால் அச்சல்பேற்று இறுகிப் பளிங்காகிவிடும். அப்பால் அது கரைந்து திரும்புவது அரிது. பழைய பற்றறிகள் பலவற்றின் சாவுக்குக் காரணம் இதுவே.

எமது பாடசாலைகளில் இக்கலத்தின் படமும் சமன்பாடும் கற்பிக்கப்பட்டன. பரீட்சையில் அவற்றைப் பிழையின்றி எழுதிய மாணவனின் தகப்பன், அதே கலத்தைச் சைக்கிளிற் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுசென்றுகொண்டிருந்தான். இருவர் அறிவும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதை மாணவனுக்கு எடுத்துச்சொன்ன ஆசிரியர் எத்தனை பேர்?

தகப்பன் அறிந்திருந்த கணக்கை இங்கே பார்ப்போம். 60 அம்பியர் மணி கொண்ட 12 வோல்ற்றுப் பற்றறியில் பாதியை மட்டுமே எடுப்பது நன்று. மோட்டார் பற்றறியின் மெல்லிய தகடுகள் அதற்குமேல் இறக்கப்படுவதைத் தாங்கமாட்டா. ஆகவே கிடைப்பது 360 வாற்று மணி. 20 வாற்றுப் பெட்டியை நாளுக்கு மூன்று மணித்தியாலம் பார்த்தால் ஆறு நாள் போதும். பாதி வலு இழந்த பழைய பற்றறியாயின் மூன்றே நாள். அதற்குமேல் ஒரு நாள் படம் பார்த்தால், அந்த ஒருநாள் இன்பத்துக்காகப் பற்றறியின் ஆயுளிற் சில வாரங்கள் கரைந்தன.

பராமரிப்பின் உயிர்நாடி தண்ணீர். மின்னேற்றத்தின் கடைசிக் கட்டத்தில் நீர் பிரிந்து வாயுவாகக் குமிழியிடும். கலத்தின் மட்டம் தாழும். தகடு வெளியே தெரிந்தால் தெரிந்த பகுதி கெட்டது. ஊற்றவேண்டியது வடித்த நீர், அமிலமன்று. வலுக்குறைந்த பற்றறிக்கு அமிலம் வார்ப்பது களைத்த மாட்டுக்குச் சாட்டையடி கொடுப்பது போன்றது. கிணற்று நீரும் ஆகாது. சுண்ணாம்புப் பாறையின்மீது கிடக்கும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் வன்னீரிலும், கரையோரத்து உவர்நீரிலும் கலந்துள்ள உப்புகள் தகடுகளுக்கு நஞ்சு. வடித்த நீர் கிடையாத ஊர்களில் விஷயமறிந்தோர் மாரிமழையைக் கூரையிற் படவிடாமற் கண்ணாடிப் பாத்திரத்தில் நேராக ஏந்தி வைத்துக்கொண்டனர். முனைகளிற் பூக்கும் வெண்பச்சைப் பூஞ்சணத்தை அப்பச்சோடா நீரிற் கழுவிக் கிறீஸ் பூசினர். வெளியேறும் ஐதரசன் வெடிக்கும் வாயு ஆதலால், மின்னேறும் பற்றறியின் அருகே குப்பிவிளக்கைக் கொண்டுபோக விடவில்லை.

பழைய பற்றறிகள் பலவற்றைச் சேர்த்துத் தொகுதியாக்குவது இன்னும் நுட்பமானது. பற்றறியொன்றின் ஆறு கலங்களுள் ஒன்று கெட்டாலும் மற்றைய ஐந்தும் அதன் தரத்துக்கு இறங்கும். நல்லதையும் நைந்ததையும் பக்கம்பக்கமாக இணைத்தால் நைந்தது நல்லதை இரவோடிரவாக உறிஞ்சிவிடும். ஆகவே நீரமானியால் ஒவ்வொரு கலத்தின் அமிலத்தையும் அளந்து, ஒத்த வலுவுள்ளவற்றையே கூட்டுச் சேர்த்தனர். நிறைந்த கலத்தின் அமிலம் நீரைவிட ஏறத்தாழ 1.27 மடங்கு அடர்த்தி. பாதி இறங்கியது 1.19 அளவில் நிற்கும். நீரமானி இல்லாதவர்கள், மின்னேறும்போது எந்தக் கலம் குமிழியிடாமல் ஊமையாகக் கிடக்கிறது என்பதைக் கண்ணாற் கண்டே நோயாளியை இனங்கண்டனர்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே மின்கம்பி அறுந்த நாடாயிற்று. எரிபொருள் தடுக்கப்பட்டது, டோர்ச் பற்றறிகளும் தடைப்பட்டியலிற் சேர்ந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டயினமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அதைப் பலர் நகைச்சுவையாகவும் பெருமையாகவும் எழுதியுள்ளனர். ஆனால் சைக்கிள் டயினமோ தருவது 3 வாற்று. மேலே சொன்ன 360 வாற்று மணியை அதனால் நிரப்புவதென்றால், இழப்புகளைக் கணக்கிடாமலே 120 மணித்தியாலம் ஒருவர் சுற்றவேண்டும். வானொலிக்கு அது போதும். விளக்குக்கும் படிப்புக்கும் போதாது. ஓடாமல் நின்ற மோட்டார் வண்டிகளின் பற்றறிகளே அங்கு கைகொடுத்தன. மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கி எங்கேனும் இயங்கினால் அதனருகே அவை வரிசையிற் காத்துக்கிடந்தன. புதியவை வாராத நாட்டிலே, இருந்த பற்றறி ஒவ்வொன்றின் ஆயுளும் ஒரு சொட்டு நல்ல நீரிலும் ஒரு மனிதனின் கவனத்திலும் தங்கியிருந்தது.

சார்ஜ் கடைகளைப் பற்றி ஒரு சொல். பற்றறியின் கொள்ளளவிற் பத்திலொரு பங்கு மின்னோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஏற்றுவதே முறை. வரிசை நீண்ட கடையில் அம்முறை நிற்காது. அதிக மின்னோட்டம் பாய்ச்சிச் சூடாக்கி, முழுதும் நிரம்பாமலே திருப்பிக் கொடுப்பதுமுண்டு. அரைகுறையாக நிரம்பிய பற்றறி விரைவில் மாண்டது. அடுத்த பற்றறிக்கு மீண்டும் காசு. கூலியையும் தேய்மானத்தையும் கூட்டிப்பார்த்தால், பட்டணத்து மாளிகையின் மின்கட்டணத்தைவிடப் பன்மடங்கு விலையைக் குடிசைவாசி ஓர் அலகுக்குச் செலுத்தினான் என்பது விளங்கும். கடைக்காரனை நாம் குறைசொல்லவில்லை; அவனும் அன்றாடங்காய்ச்சியே. பாதிநாட்டை இருளில் விட்ட முதலீட்டு ஒழுங்கே இங்கு விசாரிக்கப்படவேண்டியது.

பற்றறி இறுதியாக மாண்டபோது திருத்துவோனிடம் சென்றது. முன்னாளைய வல்கனைற்றுப் பெட்டிகளின் மேற்பக்கம் தாரினால் அடைக்கப்பட்டிருக்கும். அதனை உருக்கித் திறந்து, கெட்ட கலத்தின் தகடுகளை மாற்றலாம். இயலாவிடில் ஈயத் துண்டினாற் பாலமிட்டு அக்கலத்தைத் தாண்டிவிடலாம். வார்ப்புப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தபின் அவ்வேலை கடினமாயிற்று. நீரூற்றும் மூடியே இல்லாத அடைப்புப் பற்றறிகள் பரவியபின் பராமரிப்போனுக்குச் செய்ய ஏதும் எஞ்சவில்லை. எஞ்சியது ஈயம். அதை உருக்கி விற்றால் காசு. உருக்கும் இடம் பெரும்பாலும் கொல்லைப்புறம்; புகையும் தூளும் விழுந்த மண்ணிலே விளையாடியது குழந்தை. உலகில் எடுக்கப்படும் ஈயத்தில் நூற்றுக்கு 85 பங்கு வரை இன்று பற்றறிகளுக்கே செல்கிறது. குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவென்று ஒன்று இல்லையென மருத்துவர் கூறுகின்றனர்.

ஆபிரிக்காவின் செனகலில், டாக்கர் நகரையடுத்த தியரோய் என்னும் ஊரில் பழைய பற்றறிகளை உடைத்து ஈயமெடுக்கும் வேலை பல்லாண்டுகள் நடந்தது. 2007இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை உச்சத்துக்கு ஏறியபோது, உடைத்த இடத்து மணலிலேயே ஈயத்துணுக்குகள் புதைந்து கிடப்பதை அவ்வூர் ஏழைப் பெண்கள் கண்டனர். மணலைச் சலித்தனர், மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தனர். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் மாண்டனர். உலக சுகாதார நிறுவனத்தார் வந்து சோதித்தபோது, இறந்த குழந்தைகளின் சகோதரர் இரத்தத்திலும், மணல் சலித்த தாய்மாரின் இரத்தத்திலும் ஈயம் மிகுந்திருந்தது.