மாகாணி உணர்த்தும் பொதுமடங்கு

பண்டைத் தமிழ்க் கணக்கர் முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் பகுத்தனர். கீழ்வாய் இலக்கத்தில் 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 16இல் ஒரு பங்கு மாகாணி, அதுவே வீசம். 320இல் ஒரு பங்கு முந்திரி. இவற்றை வெறும் அளவுப்பெயர்கள் எனக் கருதுவோர் இவற்றுள் உறையும் கணிதத்தைக் காணத் தவறுவர்.

மாகாணி என்னும் சொல்லையே நோக்குக. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. மா என்பது நான்கு காணி. அதனோடு ஒரு காணி கூட ஐந்து காணி. 80இல் ஐந்து பங்கு 16இல் ஒரு பங்கேயாகும். 16, 20 ஆகியவற்றின் மீச்சிறு பொதுமடங்கு 80 என இன்றைய வகுப்பறை கற்பிப்பதை ஒரு தொகைச்சொல் தன்னுள் அடக்கி நிற்கிறது.

காணியை நாலாக்கியது முந்திரி. 320 என்னும் எண் இரண்டை ஆறு முறை பெருக்கி ஐந்தால் பெருக்கக் கிடைப்பது. ஆதலின் கால், அரைக்கால், வீசம் என்னும் வரிசையும், மா, இருமா, நாலுமா என்னும் வரிசையும் அதில் மீதியின்றி அடங்கின. காலும் நாலுமாவும் கூட்டுக: 80 முந்திரியும் 64 முந்திரியும் 144 முந்திரி. 144க்கும் 320க்கும் மீப்பெரு பொதுக்காரணி 16. 16 முந்திரி ஒரு மா. ஆகவே விடை ஒன்பது மா.

கலப்பு எண்ணும் தமிழுக்குப் புதிதன்று. 27 அரைக்காலை எட்டெட்டாக வகுத்தால் முழுமை மூன்று, எஞ்சுவது மூன்று அரைக்கால். அதனை ‘மூன்றேகாலே அரைக்கால்’ என்றனர். முழுமையையும் பின்னத்தையும் ஏகாரம் ஒன்றே பிணைத்தது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 320 மூன்றால் வகுபடாது; மூன்றில் ஒரு பங்கை முந்திரியால் முற்ற அளக்க இயலாது. ஆயின் நெல்லளவையில் மூன்று தூணி ஒரு கலமாதலின் அங்கு அக்குறை நேரவில்லை.

இராசராசன் எடுப்பித்து 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகளில் நிலவளவு முந்திரிக்கும் கீழாக நுணுகிச் செல்கிறது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் இக்கணக்குகளைச் செய்யுளில் தந்தது. திண்ணைப்பள்ளிச் சிறார் பொன்னிலக்கமும் எண்சுவடியும் ஓதி மனத்திருத்தினர்.

1957 ஏப்ரல் முதல் நாளில் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது 100 காசாயிற்று. 16க்கும் 100க்கும் மீப்பெரு பொதுக்காரணி நான்கே. எனவே நாலணா 25 காசாகப் பிசகின்றிப் பொருந்தியது. ஓரணாவோ ஆறேகால் காசாகித் தனி நாணயமாக நிற்க இடமின்றிப் போயிற்று. பத்தின் அடுக்குகளில் எண்ணுதல் எளிது. அவ்வெளிமைக்கு மாவும் காணியும் விலையாயின. நாலணாவுக்கு ஈடாய் நின்ற 25 காசும் 2011 சூன் இறுதியோடு செலாவணியிலிருந்து நீங்கியது.

கீழ்வாய் இலக்கக் குறிகள் 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. குறிகள் அழியாமல் காக்கப்பட்டது மகிழ்தற்குரியது. எனினும் குறியைக் காப்பது வேறு, சொல்லை வழங்குவது வேறு. 16க்கும் 20க்கும் பொதுமடங்கு காணும் மாணவனிடம் ஆசிரியர் மாகாணி என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டுவாராயின், கணக்கும் தமிழும் ஒருசேர விளங்கும். வழக்கில் உள்ள சொல்லே வாழும் சொல்; அதனை வழங்கும் கடமை கணக்காசிரியர்க்கு மட்டுமன்றிக் கவிஞர்க்கும் உரியது.