28 மடங்கு என்னும் கணக்கு: நிரலர் தேர்வில் தனித்திறனும் குழுவும்

மிகச் சிறந்த நிரலருக்கும் மிக மோசமான நிரலருக்கும் இடையே 28 மடங்கு வேறுபாடு உண்டு என்பது மென்பொருள் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. 1968இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வே இதன் மூலம். அனுபவமுள்ள 12 பேரிடம் ஓர் இயற்கணிதப் பணியைக் கொடுத்தார்கள். பிழை களைய ஒருவருக்கு 170 மணி நேரம் பிடித்தது, இன்னொருவருக்கு 6 மணி நேரம் போதுமாயிருந்தது. ஆனால் ஆட்களை ஒப்பிடுவது அந்த ஆய்வின் நோக்கமே அல்ல. கணினி முன் அமர்ந்து பிழை திருத்துவது மேலா, நிரலைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பது மேலா என்றுதான் பார்த்தார்கள். இரு முறையினரையும் கலந்து, முதல்வரையும் கடைசியானவரையும் மட்டும் பிரித்தெடுத்தபோது வந்த விகிதம் இது. இன்னும் பல சோதனைகளின் தரவுகளைத் திரட்டிய லுட்ஸ் பிரெசெல்ட், 1999இல் இந்த எண் பிழையானது, திசைதிருப்புவது என்று நிறுவினார்.

திறமையில் ஏற்றத்தாழ்வு இருப்பதை நான் மறுக்கவில்லை. என் மறுப்பு அளவுகோலைப் பற்றியது. அந்தப் 12 பேரும் தனித்தனியே உழைத்தவர்கள். அவர்கள் எழுதியதை மறுவருடம் வேறொருவர் மாற்ற நேர்ந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் அளக்கவில்லை. இன்றைய நேர்காணல்கள் பலவும் அப்படித்தான் நடக்கின்றன: ஓர் அல்காரிதப் புதிர், முக்கால் மணி நேரம், வெற்றுத் திரை.

ஆய்வாளர்கள் டிமார்கோவும் லிஸ்டரும் 1980களில் நடத்திய நிரலாக்கப் போட்டிகள் வேறொன்றைக் காட்டின. ஒரே நிறுவனத்திலிருந்து இருவர் வந்து, சேராமல் தனித்தனியே வேலை செய்தார்கள். அப்படியும் அந்த இருவருக்குமிடையே சராசரி வேறுபாடு 21 சதவீதமே. ஒருவரின் திறன் என்று நாம் குறித்துக்கொள்வதில் அவர் பணிபுரியும் இடத்துக்கும் பங்கிருக்கிறது.

தனித்திறனை ஒதுக்காமலே குழுவைக் கட்டலாம் என்பதற்கு ஐபிஎம்மின் ஹார்லன் மில்ஸ் வகுத்த தலைமை நிரலர் முறை நல்ல சான்று. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தகவல் வங்கிக்காக, 22 மாதங்களில் ஏறத்தாழ 83,000 வரிகள் இம்முறையில் எழுதப்பட்டன. முக்கியப் பகுதிகளைத் தலைமை நிரலரே எழுதினார். ஆனால் எந்த நேரமும் அவர் இடத்தை ஏற்கக்கூடிய துணை நிரலர் ஒருவர் அருகிலேயே இருந்தார். நிரல் நூலகர் என்று தனியே ஒருவர், ஒவ்வொரு ஓட்டத்தின் அச்சுப்படியையும் கோப்பில் சேர்த்து எல்லோர் பார்வைக்கும் வைத்தார். தவறிப்போன ஓட்டங்களும் அதில் அடக்கம். மேதைக்கு அங்கே முழு இடம் இருந்தது, ஒளித்துவைக்க மட்டும் இடமில்லை.

ஆகவே தேர்வில் தனித்திறன், குழு இரண்டில் ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைக்கும் சமரசம் தேவையற்றது. குழுவின் பழைய நிரலில் பழுதுள்ள ஒரு பகுதியைக் கொடுத்து, அதை எழுதியவரையே பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். விண்ணப்பதாரர் எதைக் கேட்கிறார், எதை மாற்றாமல் விடுகிறார், திருத்தத்துக்கு எழுதும் குறிப்பு பிறருக்கு விளங்குகிறதா என்று பார்க்கலாம். நம்மோடு ஒத்துப்போவாரா என்ற பொதுக் கேள்வி எனக்கு அச்சம் தருகிறது. நம்மைப் போல் பேசுகிறவரா, நம் கல்லூரிக்காரரா என்று அது எளிதில் திரிந்துவிடும். இந்தச் சோதனையிலோ, அதிகம் பேசாத ஒருவரும் தம் குறிப்பின் தெளிவாலேயே தேர்வு பெற முடியும்.