மிக்சர் என்பது ஆளோட பேர்

தலைப்பைப் பார்த்ததும் நாட்டாமை படத்துல ஓரமா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே இருப்பாரே, அவர் ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பில்லை :) இது வேற மிக்சர். கச்சேரி மேடைக்குப் பக்கத்துல, வரிசை வரிசையா குமிழோட ஒரு பெட்டி இருக்கும். பின்னாடி ஒருத்தர் வேர்த்து விறுவிறுத்து நிப்பார். மைக் "கொய்ங்"னு கத்தினா மொத்தக் கூட்டமும் திரும்பி அவரைத்தான் முறைக்கும். அந்தப் பெட்டியோட கதையும் அந்த ஆளோட கதையும்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன தகவல். ஹாலிவுட்ல 'மிக்சர்'னா அது ஒரு வேலையோட பேர். பேசும்படம் வந்த காலத்துலேர்ந்து இன்னிவரைக்கும் படப்பிடிப்புல ஒலிப்பதிவு பண்றவரை 'ப்ரொடக்‌ஷன் சவுண்ட் மிக்சர்'னுதான் சொல்றாங்க. நம்ம துறையிலயும் இப்படி ஒண்ணு உண்டு. 'கம்ப்யூட்டர்'ங்கறது ஒரு காலத்துல உட்கார்ந்து கணக்குப் போடற மனுஷங்களைக் குறிச்ச வார்த்தை. ரெண்டு இடத்துலயும் பேர் மெஷினுக்குப் போயிருச்சு. கணக்கு விஷயத்துல ஆளே தேவையில்லாமப் போயாச்சு. சத்தத்துல மட்டும் இன்னும் அப்படி ஆகலை. ஏன்னு பார்ப்போம்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

திருப்பூர்க்காரங்களுக்கு இதை சுலபமா சொல்லிடலாம். ரவுண்டு நிட்டிங் மெஷினைப் பாருங்க. கிரீல்ல வரிசையா நூல் கோன் மாட்டியிருப்பாங்க. ஒவ்வொரு நூலும் தனித்தனியா ஃபீடர் வழியா ஊசிக்கு வருது. கீழே ஒரே துணியா இறங்குது. மிக்சரும் அதேதான். ஒவ்வொரு மைக்கும் ஒரு நூல், அதுக்கு ஒரு சேனல். எல்லாம் சேர்ந்து கடைசியில 'மாஸ்டர்'ங்கற ஒரே துணியா வெளியே போகுது. 32 சேனல் மிக்சரைப் பார்த்து பயப்படத் தேவையில்லை. ஒரு சேனல் புரிஞ்சா போதும், மீதி 31ம் அதே அச்சு.

ஒரு சேனலை மேலேர்ந்து கீழே படிக்கணும்.

1. கெயின்: மைக்லேர்ந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். அதை வேலைக்கு ஆகற அளவுக்கு ஏத்தறது இது. நிட்டிங்ல நூலோட டென்ஷன் மாதிரி. டென்ஷன் தப்பா வெச்சு ஓட்டின துணியை சாயப்பட்டறைக்கு அனுப்பினாலும் கோடு கோடாத்தான் தெரியும். கெயினும் அப்படித்தான். அதிகமா வெச்சா சத்தம் உடையும். கம்மியா வெச்சா பின்னாடி ஏத்தும்போது 'உஸ்'னு இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

2. ஈக்யூ: கனமான சத்தம், நடு சத்தம், கீச்சு சத்தம் ஒவ்வொண்ணையும் தனியா கூட்டிக் குறைக்க. அனுபவசாலிகள் இதுல கூட்டறதை விட குறைக்கறதுதான் அதிகம்.

3. ஆக்ஸ்: மேடையில பாடறவருக்குத் தன் குரல் கேக்கணும், தபலாக்காரருக்குப் பாட்டு கேக்கணும். அவங்கவங்களுக்குத் தனியா ஒரு கலவை அனுப்பற பாதை இது. மானிட்டருக்கு அனுப்பறதை 'ப்ரீ ஃபேடர்'ல வெப்பாங்க. அப்பத்தான் கூட்டத்துக்குப் போற சத்தத்தை மாத்தினாலும் பாடறவருக்குக் கேக்கறது மாறாது.

4. பேன்: இடது, வலது.

5. ஃபேடர்: கீழே இருக்கற நீள இழுவை. பார்க்கறவங்க கண்ணு இதுலதான் நிக்கும். ஆனா பாதி வேலை கெயின்லயே முடிஞ்சிருக்கும்.

"கொய்ங்"குக்குக் காரணம் ரொம்ப எளிமை. ஸ்பீக்கர்ல வர்றது மறுபடி மைக்குக்குள்ள போகுது, பெரிசாகி திரும்ப ஸ்பீக்கருக்கு வருது, சுத்திக்கிட்டே இருக்கு. நம்ம பாஷையில சொன்னா இன்ஃபினிட் லூப். மைக்கை எடுத்துக்கிட்டு ஸ்பீக்கருக்கு முன்னாடி போய் நிக்கற பேச்சாளர்தான் பெரும்பாலும் பக். திட்டு மட்டும் மிக்சர்காரருக்கு.

ஃபேடருக்கு முன்னாடி தூரம்

இப்ப வரலாறு. 1931ல வந்த காளிதாஸ், முதல் தமிழ்ப் பேசும்படம். அந்தக் காலப் படங்கள்ல நடிக்கறவங்களே கேமரா முன்னாடி பாடணும். வாத்தியக்காரங்க ஃப்ரேமுக்கு வெளியே ஒளிஞ்சு உட்கார்ந்து வாசிப்பாங்க. பாட்டும் வாசிப்பும் ஒரே நேரத்துல பதிவாகும். 1935ல கல்கத்தா நியூ தியேட்டர்ஸ்ல நிதின் போஸ் எடுத்த படத்துல பின்னணிப் பாட்டு வந்துச்சு. ஒலிப்பதிவு அவரோட தம்பி முகுல் போஸ். தமிழ்ல 1938ல ஏ.வி. மெய்யப்பனோட நந்தகுமார் படத்துல அந்த முறை வந்துச்சு.

பின்னணிப் பாட்டு வந்த பிறகும் ரொம்ப காலத்துக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் ரெக்கார்ட் பண்ணணும். மைக் விரல் விட்டு எண்ணற அளவுதான், டிராக் ஒண்ணே ஒண்ணு. அப்போ வயலின் கம்மியா, குரல் தூக்கலா எப்படி வெச்சாங்க? ஆளை நகர்த்தித்தான். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். நாகஸ்வரக்காரரை மூலைக்குத் தள்ளு, புல்லாங்குழலை மைக் கிட்ட கொண்டு வா, டோலக்கை இன்னும் ரெண்டடி பின்னால போடு. அதுதான் அன்னிக்கு ஃபேடர். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த ரெக்கார்டிஸ்ட் காதுல கேட்டு, சைகை காட்டி, திரும்ப நகர்த்தச் சொல்லி, ஒத்திகை பார்த்து, அப்புறம்தான் டேக். கடைசி சரணத்துல ஒருத்தர் தப்பு பண்ணினாலும் முதல்லேர்ந்து. அண்டூ கிடையாது.

பழைய படங்களோட டைட்டில்ல 'ஆர்.சி.ஏ. சவுண்ட் சிஸ்டம்', 'வெஸ்ட்ரெக்ஸ்'னு தனி கார்டு வரும், பார்த்திருப்பீங்க. மெஷினுக்கு அவ்வளவு மரியாதை.

முடிவைத் தள்ளிப்போடற மெஷின்

வெளிநாட்டுல 1950கள்ல மாற்றம் ஆரம்பிச்சது. நியூயார்க் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ்ல டாம் டவுட்னு ஒரு இன்ஜினியர். சின்ன வயசுல அணுகுண்டு தயாரிச்ச மன்ஹாட்டன் திட்டத்துல வேலை பார்த்தவர். அதுவரைக்கும் மிக்சர்ல இருந்தது திருகற வட்டக் குமிழ். ஒரு கையால ஒண்ணைத்தான் திருக முடியும். அவர் நேர்கோட்டுல இழுக்கற ஃபேடரைக் கொண்டு வந்தார். பத்து விரலுக்கும் வேலை. பியானோ வாசிக்கற மாதிரி மிக்ஸ் பண்ணலாம்.

லண்டன்ல ஈ.எம்.ஐ. தன்னோட ஸ்டூடியோவுக்கு மிக்சரைத் தானே செஞ்சுக்கிச்சு. பீட்டில்ஸோட முதல் ஆல்பத்துல பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்னிக்கு, ஒரே நாள்ல, ரெண்டு டிராக்ல பதிவானது. அதே வருஷம் அக்டோபர்ல நாலு டிராக் வந்துருச்சு. அப்புறம் எட்டு, பதினாறு, இருபத்திநாலு. டிராக் கூடக் கூட மிக்சரும் நீளமாச்சு. ரூபர்ட் நீவ் (2021ல 94 வயசுல காலமானார்) 1970ல உருவாக்கின 1073ங்கற ஒரு சேனல் மாட்யூலை இன்னிக்கும் சாஃப்ட்வேர்ல நகல் எடுத்து விக்கறாங்கன்னா பார்த்துக்கோங்க.

இதுல உண்மையில என்ன மாறுச்சு? முன்னாடி முடிவை டேக்குக்கு முன்னால எடுத்தாகணும். இப்ப எல்லா நூலையும் தனித்தனியா பதிவு பண்ணிட்டு, துணியை அப்புறம் நெய்யலாம். 1970களோட பிற்பாதியில நீவ், எஸ்.எஸ்.எல். மிக்சர்கள்ல கம்ப்யூட்டர் சேர்ந்து, ஃபேடர் எப்போ எவ்வளவு நகர்ந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்க ஆரம்பிச்சது. ஆளோட கையில இருந்த ஞாபகம் மெஷினுக்குப் போச்சு.

தமிழ்ல 1978ல ப்ரியா படப் பாட்டுகள் ஸ்டீரியோவுல வந்துச்சு. 1986ல புன்னகை மன்னன்ல சீக்வென்சர். 1992ல ரோஜா. 1995ல குருதிப்புனல், டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர்.ல வந்த முதல் இந்தியப் படம். ஒவ்வொரு படியிலயும் இசையமைப்பாளர் பேர் நமக்குத் தெரியும். மிக்சர்ல உட்கார்ந்தவர் பேர்?

ஹெச். ஸ்ரீதர்னு ஒருத்தர் இருந்தார். ரஹ்மான் பாட்டுகள்ல அந்த பேஸ் காதை அடைக்காம வயித்துல இறங்கும் பாருங்க, அதுல பெரிய பங்கு அவரோடது. மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால்னு நாலு படத்துக்கு தேசிய விருது வாங்கினவர். 2008 டிசம்பர் 1 அன்னிக்கு இறந்தார். அவர் பேரைக் கேட்டா "யாரு?"ன்னு கேக்கற ரஹ்மான் வெறியர்கள் என் ஆபீஸ்லயே நாலு பேர் இருக்காங்க. அடுத்த மூணு மாசத்துல, 2009 ஆஸ்கர்ல, ஸ்லம்டாக் மில்லியனருக்காக ரசூல் பூக்குட்டி இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து விருது வாங்கினார். அப்போ அந்தப் பிரிவோட பேரே 'சவுண்ட் மிக்சிங்'.

எங்க உட்காரணும்?

மேடைக் கச்சேரி வரலாறுல மெஷினை விட முக்கியமான கேள்வி இதுதான். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸ் பாட, 55,000க்கு மேல கூட்டம். பாட்டு போனது மைதானத்துல அறிவிப்புக்கு வெச்சிருந்த ஸ்பீக்கர்ல. கூட்டத்தோட கூச்சல்ல பாடினவங்களுக்கே தங்க குரல் கேக்கலை. மானிட்டர்ங்கற ஏற்பாடு அப்போ இல்லை.

நாலு வருஷம் கழிச்சு வுட்ஸ்டாக். அதுக்கு ஒலி அமைச்சவர் பில் ஹான்லி. மிக்ஸ் பண்றவர் கூட்டத்தோட இடத்துல இருந்து கேக்கணும்னு ஆரம்பத்துலயே பிடிவாதமா இருந்தவங்கள்ல அவரும் ஒருத்தர். 1973ல சவுண்ட்கிராஃப்ட் கம்பெனி, பயணப் பெட்டிக்குள்ளயே பொருத்தின மிக்சரைக் கொண்டு வந்துச்சு. மேடையிலேர்ந்து எல்லா மைக்கையும் ஒரே தடி கேபிள்ல இழுத்துக்கிட்டு கூட்டத்துக்கு நடுவுல போய் உட்காரலாம்னு ஆச்சு. காரணம் சாதாரணம்தான். ஸ்பீக்கருக்குப் பின்னாடி நிக்கறவருக்கு முன்னாடி என்ன கேக்குதுன்னு தெரியாது. பாயாசத்தை ருசி பார்க்காம சர்க்கரை போடற கதை.

நம்ம ஊர் ரேடியோ செட்டு

நம்ம பக்கத்துல மைக் செட்டை ரேடியோ செட்டுன்னுதான் சொல்லுவாங்க. மாரியம்மன் நோம்பின்னா ஊர் எல்லை வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டணும். அதுக்கு ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் அஹுஜா, 1940லேர்ந்து இருக்கற டெல்லி கம்பெனி. அந்தப் பெட்டியோட முகப்புல மைக்குக்கு ஒண்ணுன்னு வரிசையா குமிழ் இருக்கும். ஆமா, அதுவும் ஒரு மிக்சர்தான். அவ்வளவு தூரம் ஒயர் இழுத்தா சத்தம் ஒயர்லயே வீணாகாதா? மின்சார வாரியம் பண்ற அதே தந்திரம். 100 வோல்ட் லைன்ல ஏத்தி அனுப்பி, ஒவ்வொரு குழாய்லயும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு இறக்கிக்கறது. வோல்ட் கூடினா கரண்ட் குறையும், ஒயர்ல நஷ்டமும் குறையும். பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில விட்ட எத்தனையோ ரேடியோ செட்காரங்க இதைக் கையால செஞ்சு காட்டினாங்க. நாங்க அதை செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணி எழுதினோம்.

2012ல பெரிங்கர் எக்ஸ் 32 மாதிரி டிஜிட்டல் மிக்சர் வந்த பிறகு கதை வேற. ஒரு நிகழ்ச்சிக்கு வெச்ச செட்டிங்கை அப்படியே 'சீன்'னு சேமிச்சு, ஒரு பட்டன்ல திரும்பக் கொண்டு வரலாம். டேப்லெட்டைக் கையில வெச்சுக்கிட்டு பந்தல் முழுக்க நடந்துகிட்டே மிக்ஸ் பண்ணலாம். வுட்ஸ்டாக் காலத்துல சண்டை போட்டு வாங்கின இடம் இப்ப பாக்கெட்டுக்குள்ள.

ஆனா சேமிச்ச சீன் நேத்து காலி பந்தலுக்கு வெச்சது. இன்னிக்குக் கூட்டம் நிறைஞ்சிருக்கு. மனுஷ உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சிரும். தொண்டை கட்டிய பாடகர், திசை மாறின காத்து, புதுசா நாலு டேபிள் ஃபேன். இது எதுவும் மெஷினுக்குத் தெரியாது. யாராவது ஒருத்தர் நின்னு கேட்டாகணும். கம்ப்யூட்டர்ங்கற வார்த்தை ஆளை விட்டுப் போனது போல மிக்சர்ங்கற வார்த்தை முழுசா போகாததுக்குக் காரணம் அதுதான்.

எல்லார் கையிலயும் டேப்லெட் கிடையாது. அதனால ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜைக்கு பனியன் கம்பெனியில பாட்டுக் கச்சேரி, ஊர் நோம்பியில பட்டிமன்றம்னு நீங்க நடத்தற இடத்துல, ரேடியோ செட்காரரை மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கத்துல உட்கார வைக்காதீங்க. முன் வரிசை வி.ஐ.பி.க்குன்னா சரி, கூட்டத்துக்கு நடுவுல ஒரு டேபிள், ஒரு சேர், ஒரு சொம்பு தண்ணி. "ஏனுங்ணா, பின்னாடி கேக்கலீங்"னு அவருக்கு யாரும் ஓடி வந்து சொல்ல வேண்டியிருக்காது. அவருக்கே கேக்கும்.

டிஸ்கி: உங்க ஊர்ல ரேடியோ செட்டு கட்டினவங்க பத்தி, இல்லை பழைய ரெக்கார்டிங் தியேட்டர் பத்தி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே. கடிக்க மிக்சர் நான் தர்றேன் :)