சுவருக்கு வாடகை

கும்பகோணத்துக்காரர்கள் காலத்தை மகாமகத்தால் கணக்கு வைப்போம். 1992 மகாமகத்துக்குக் கடைகள் தங்கள் பேரை ஊருக்கு எப்படிச் சொல்லிக்கொண்டன, 2004இல் எப்படி, 2016இல் எப்படி என்று என்னைக் கேட்கலாம். மூன்றுக்கும் கூலி வாங்கியவன் நான். தொழில், போர்டு ஆர்ட்டிஸ்ட்.

1992இல் சுவர்தான். பாத்திரக் கடை, பட்டு ஜவுளிக் கடை, வெற்றிலை மண்டி எல்லாரும் மாதக்கணக்கில் முன்பே சுவர் பிடித்துவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் பேசி மூலையில் ‘ரிசர்வ்’ என்று எழுதி வைத்துவிட்டால் பிடித்தாயிற்று. கட்சிக்காரர்களைப் பார்த்து வந்த பழக்கம் அது. வாடகையைப் பெரும்பாலும் ரொக்கமாகக் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்துத் தருவார்கள், தீபாவளிக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுப்பார்கள். தாராள மனசுக்கார முதலாளி என்றால் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு ஜோடி. பஸ்ஸில் போகிறவன் படிக்க வேண்டும் என்பதுதான் எழுத்துக்கு இலக்கணம். கடைப் பேர், தெரு, கோயிலுக்கு எந்தப் பக்கம், அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதினால் பெயிண்டுக்குக் கேடு.

சுவர் போக, தியேட்டரில் இடைவேளை ஸ்லைடு. அதுவும் போக, காலண்டர். என்னைக் கேட்டால் விளம்பரத்தில் காலண்டரை மிஞ்ச இன்றுவரை ஒன்றும் வரவில்லை. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு (1898–1976) போட்ட சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, கீழே விட்ட காலி இடத்தில் ஏதோ ஒரு ஊர் மளிகைக் கடையின் பேரோடு வீட்டுக்குள் போய்த் தொங்கின. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷ ஆல்பம் வெளிவரும். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் கடைகடையாக ஏறுவார்கள். முருகன் படத்தை யார் கிழிப்பார்கள்? தேதி முடிந்த பிறகும் சட்டம் போட்டுப் பூஜையறையில் மாட்டிக்கொண்டார்கள், கடையின் பேரும் சேர்ந்தே சாமிக்குப் பக்கத்தில் இருந்தது.

2004இல் பிளக்ஸ். அதைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. எழுத்து போய் முதலாளியின் முகம் வந்தது, பிறகு முதலாளி மகன்களின் முகங்கள். நான் தூரிகையை வைத்துவிட்டு டி.டி.பி. கற்றுக்கொண்டேன். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிரிழந்த பிறகுதான் கடைக்காரர்களே அதற்குக் கொஞ்சம் கூசினார்கள்.

பேஸ்புக் வியாபாரிகளுக்குத் தனிப் பக்கம் திறந்துவிட்டது 2007 நவம்பரில். அப்போது எங்கள் ஊர்ப் பிரௌசிங் சென்டர்களில் பையன்கள் ஆர்குட்டில் இருந்தார்கள். கடைத்தெருவுக்கு இந்தச் சேதியே வரவில்லை. சில வருஷம் கழித்து ஒரு பாத்திரக் கடை முதலாளி கூப்பிட்டார். “ஆர்ட்டிஸ்ட் அண்ணே, பேஸ்புக்குல நம்ம கடைக்கும் ஒரு போர்டு போட்டுடுங்க. சுவர் வாடகை கிடையாதாமே!”

போர்டுதான். 2012இல் பக்கங்களுக்கு முகப்புப் படம் வந்தது: 851 பிக்சல் அகலம், 315 பிக்சல் உயரம். கை பழகிய நீளவாக்குப் பலகை மாதிரியே இருந்ததால் எனக்குச் சந்தோஷம். விதிகளைப் படித்த பிறகுதான் தலை சுற்றியது. அந்தப் படத்தில் விலை எழுதக் கூடாது, தள்ளுபடி எழுதக் கூடாது, போன் நம்பரும் கூடாது. போன் நம்பர் இல்லாத கடைப் போர்டை முதலாளியிடம் காட்டி நான் எப்படிக் கூலி கேட்பது? 2013இல் காசு கட்டிப் போடும் விளம்பரங்களுக்கு இன்னொரு விதி. படத்தை 25 கட்டமாகப் பிரித்துப் பார்ப்பார்கள், எழுத்து ஐந்து கட்டத்தைத் தாண்டக் கூடாது. ‘ஆடித் தள்ளுபடி’ என்று தடித்த எழுத்தில் போட்டாலே நான்கு கட்டம் போய்விடும். எழுத்தைக் குறைத்து அண்டாவைப் பெரிதாக்கினோம். 2020இல் அந்த விதியைக் கைவிட்டார்கள். அதற்குள் படத்தில் எழுதுகிற வழக்கமே பாதி செத்துப்போயிருந்தது.

2016 மகாமகத்தின்போது ஜியோவின் மலிவு இணையம் வரவில்லை. அது அந்த வருஷம் செப்டம்பரில்தான். ஆகவே பக்கத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்த கும்பகோணத்துக்காரர்கள். அதே பாத்திரக் கடைப் பக்கத்தில் மகாமகக் குளத்தின் படத்தைப் போட்டோம், லைக் மளமளவென்று ஏறியது. “எந்தப் படித்துறையில் கூட்டம் குறைவு?”, “வண்டியை எங்கே நிறுத்துவது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்டா விலையை ஒருவரும் கேட்கவில்லை. முதலாளி அதற்கெல்லாம் கவலைப்படாமல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் லைக்கைக் காட்டினார்.

லைக் போட்டவர் கண்ணில் அடுத்த பதிவும் படும் என்று அவர் நம்பினார். ஒரு பக்கத்தின் பதிவு அதன் ஆட்களில் சராசரியாக 16 சதவீதத்தினரை எட்டுகிறது என்று 2012இல் பேஸ்புக்கே சொல்லியிருந்தது. 2014 பிப்ரவரியில் ஓகில்வி விளம்பர நிறுவனம் கணக்கெடுத்தபோது அது 6 சதவீதம். 2018 ஜனவரியில், இனி உறவுக்காரர், நண்பர்கள் பதிவுக்குத்தான் முதலிடம் என்று ஜுக்கர்பெர்க் அறிவித்தார். மற்றவர்களுக்குப் ‘பூஸ்ட்’ பட்டன் இருந்தது. காசு கட்டினால் காட்டுவார்கள். இதை நான் விளக்கி முடித்ததும் முதலாளி சிரித்தார். “ஆக, சுவருக்குச் சொந்தக்காரன் வந்துட்டான்னு சொல்லுங்க.”

2021 அக்டோபர் 4, தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம். இரவு ஒன்பது மணிக்கு மேல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்து, ஆறு மணி நேரம் போல எழுந்திருக்கவில்லை. மூன்றும் ஒரே கம்பெனி என்று கடைத்தெருவில் பலருக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஆர்டர் முழுவதையும் வாட்ஸ்அப்பில் வைத்திருந்தவர்கள் அந்த வாரமே நீள நோட்டு வாங்கினார்கள்.

இப்போது ரீல்ஸ் காலம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்குக்குத் தடை, ஜூலையில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ். முதலாளியின் மருமகள் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறாள், நன்றாகவே பேசுகிறாள். விலை மட்டும் வாயில் வராது. கீழே யாராவது கேட்டால் ‘இன்பாக்ஸ் வாங்க’. இந்தத் தெருவில் ‘ஒரே விலை, பேரம் இல்லை’ என்று சிவப்பு எனாமலில் எத்தனையோ கடைகளுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அந்தப் போர்டு இன்னும் அவர்கள் கல்லாவுக்கு மேலேயே தொங்குகிறது. இன்பாக்ஸில் வருகிறவரின் படத்தையும் ஊரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறாள் அந்தப் பெண். மாமனாரும் வாசலில் எந்த ஊர்க் கார் வந்து நிற்கிறது என்று எட்டிப் பார்த்த பிறகுதான் விளக்கைத் தராசில் வைப்பார்.