ஜான் கான்ஸ்டபிள்: சாமர்செட் மாளிகைச் சுவரும் பாரிஸ் சலோனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் ஓர் ஓவியர் பெயரும் பிழைப்பும் பெற வேண்டுமானால், லண்டன் ராயல் அகாடமியின் ஆண்டுக் கண்காட்சியில் அவருடைய படம் தொங்கியாக வேண்டும். 1768-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவில் தோன்றிய அந்த அமைப்பு, மாணவர்களுக்குப் பள்ளியாகவும், நாற்பது முழு உறுப்பினர்களைக் கொண்ட கழகமாகவும், கோடைதோறும் படம் வாங்குவோர் கூடும் சந்தையாகவும் ஒருங்கே இயங்கியது. சஃபோக் வட்டாரத்தின் ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் சிற்றூரில், தானிய வணிகரும் மாவு ஆலை உரிமையாளருமான ஒருவரின் மகனாக 1776-இல் பிறந்த ஜான் கான்ஸ்டபிள், 1799-இல் அதன் பள்ளியில் சேர்ந்து, 1802-இல் முதன்முறையாக அதன் கண்காட்சியில் படம் வைத்தார். அன்று முதல் 1837-இல் இறக்கும்வரை, தம் ஊரின் ஆற்றங்கரைகளையும் மதகுகளையும் மேகங்களையும் வரைந்த அந்த ஓவியரின் தொழில் வாழ்க்கை, பெரும்பாலும் அந்தக் கண்காட்சியின் நாட்காட்டியை ஒட்டியே நகர்ந்தது.

கண்காட்சி நடந்த இடத்தின் அமைப்பு தெரியாமல் அவருடைய படங்களின் அமைப்பை விளங்கிக்கொள்ள இயலாது. 1780 முதல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள சாமர்செட் மாளிகையின் மேல்தளத்தில், கூரைவழி வெளிச்சம் விழும் பெருங்கூடத்தில் படங்கள் காட்டப்பட்டன. தரையிலிருந்து ஏறத்தாழ எட்டடி உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு மரச்சட்டம் ஓடியது. படம் அச்சட்டத்தை ஒட்டி மாட்டப்படுவதே மதிப்பான இடமாகக் கருதப்பட்டது, அதற்குமேல் ஏற்றப்பட்ட படங்கள் முன்னோக்கிச் சாய்த்து மாட்டப்பட்டும் பார்வையாளரின் கண்ணுக்கு எட்டாமலே போயின. சட்டத்தோடு சட்டம் ஒட்ட, இடைவெளியே இல்லாமல் சுவர் முழுதும் படங்கள் நிரப்பப்பட்ட அந்தக் கூடத்தில், அடக்கமான அளவும் அமைதியான வண்ணமும் கொண்ட நிலக்காட்சி எளிதில் காணாமற்போகும். போதாக்குறைக்கு, புராணமும் வரலாறும் விவிலியமும் கூறும் படங்களே உயர்ந்தவை, வயலும் மரமும் தீட்டுவது அவற்றுக்குக் கீழ்ப்பட்ட கலை என்னும் தரவரிசை அகாடமியில் ஆழ வேரூன்றியிருந்தது.

இந்தத் தரவரிசை நிலக்காட்சி ஓவியர் எல்லாரையும் ஒரே அளவில் வாட்டவில்லை. கான்ஸ்டபிளுக்கு ஓராண்டே மூத்தவரான ஜே. எம். டபிள்யூ. டர்னர், மலையும் கடலும் பழங்கதையும் கலந்த படங்களால் 1802-இலேயே, தம் இருபத்தாறாம் வயதில், அகாடமியின் முழு உறுப்பினராகிவிட்டார். கான்ஸ்டபிளோ முதற்படத்தைக் காட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் உறவினரும் நண்பரும் அல்லாத ஒருவருக்கு நிலக்காட்சிப் படம் விற்க முடியாதவராக இருந்தார். 1814-இல் அகாடமியிலும், அடுத்த ஆண்டு பால் மால் தெருவில் இயங்கிய பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷன் என்னும் மற்றொரு காட்சியகத்திலும் வைக்கப்பட்ட, சஃபோக்கில் ஏர் உழும் காட்சியை ஜான் ஆல்நட் என்ற ஒயின் வணிகர் வாங்கியதே அத்தகைய முதல் விற்பனை. வாங்கியவர் படத்தின் வானம் பிடிக்காமல் அதை ஜான் லின்னெல் என்னும் வேறோர் ஓவியரைக் கொண்டு மாற்றி வரையச் செய்தார். பின்னர் மனம் மாறிப் பழைய வானமே வேண்டுமென்று கான்ஸ்டபிளிடம் கேட்டார். முன்பின் அறியாத நிலையில் தம்மை ஊக்குவித்த முதல் மனிதர் என்ற நன்றியால், அவர் கூலி எதுவும் வாங்காமல் புதிய படம் ஒன்றையே வரைந்து கொடுத்தார்.

சுவரை வெல்ல ஒரே வழி அளவைப் பெருக்குவதுதான் என்று அவர் முடிவுசெய்த ஆண்டு 1819 எனலாம். அவ்வாண்டு காட்டப்பட்ட ‘வெள்ளைக் குதிரை’ ஆறடிக்கும் மேற்பட்ட அகலமுடையது. அதுவரை வரலாற்றுப் படங்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட அளவில், படகில் ஏற்றி ஆற்றைக் கடத்தப்படும் ஓர் இழுவைக் குதிரையை அது காட்டியது. நெருங்கிய நண்பரான ஜான் ஃபிஷர் பாதிரியார் அதை நூறு கினிக்கு, அதாவது 105 பவுண்டுக்கு, வாங்கிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் கான்ஸ்டபிள் அகாடமியின் இணை உறுப்பினரானார். கலை வரலாற்றாளர் ‘ஆறடிப் படங்கள்’ என்று குறிக்கும் இந்த வரிசைக்காக அவர் கைக்கொண்ட முறை அந்நாளில் மிக அரிதானது: வெளியில் எழுதிய சிறு குறிப்புப் படங்களைக் கொண்டு, முதலில் இறுதிப் படத்தின் அளவிலேயே ஓர் எண்ணெய் வண்ண முன்வரைவைத் தீட்டிப் பார்த்து, அதன் பின்னரே காட்சிக்குரிய படத்தைத் தொடங்கினார். இன்றைய பார்வையாளர் பலர் அந்த முன்வரைவுகளையே மிகுதியாக விரும்புகின்றனர். ஆனால் அவை கூடத்துக்கு வரவேண்டியவை என்று கான்ஸ்டபிள் ஒருபோதும் எண்ணியதில்லை.

1821-இல் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற தலைப்பில் அகாடமியில் வைக்கப்பட்ட மூன்றாம் ஆறடிப் படமே பிற்காலத்தில் ‘வைக்கோல் வண்டி’ எனப் புகழ்பெற்றது. அதற்கு இங்கிலாந்தில் பாராட்டே கிடைக்கவில்லை என்பது பிழை. செய்தித்தாள் விமரிசகர் சிலர் உயர்வாகவே எழுதினர், வாங்குவதற்குத்தான் ஆளில்லை. ஆயினும் அவ்வாண்டு லண்டனுக்கு வந்திருந்த பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோவும் எழுத்தாளர் ஷார்ல் நோதியேவும் அதைக் கண்டு வியந்து, அந்த வியப்பைப் பாரிசுக்குக் கொண்டுசென்றனர். 1822-இல் ஜான் ஆரோஸ்மித் என்னும் பாரிஸ் படவணிகர் அதற்கு 70 பவுண்டு தர முன்வந்தார். கான்ஸ்டபிள் கேட்டிருந்ததோ 150 கினி. பேரம் படியவில்லை. இரண்டாண்டுகள் கழித்து அதே வணிகர் மீண்டும் வந்து, ‘வைக்கோல் வண்டி’யையும் ‘டெதம் அருகே ஸ்டூர் ஆறு’ என்ற மற்றொரு பெரிய படத்தையும், உடன் யார்மவுத் படகுத்துறையைக் காட்டும் சிறு படம் ஒன்றையும் சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கினார்.

சலோன் என்பது லூவ்ர் அரண்மனையில் பிரெஞ்சு அரசு நடத்திய பொதுக் கண்காட்சி. 1824 ஆகஸ்ட் 25 அன்று திறக்கப்பட்ட சலோனில் இவ்விரு பெரிய படங்களும், லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் பகுதியின் காட்சி ஒன்றும் இடம்பெற்றன. தொடக்கத்தில் வசதியற்ற இடத்தில் மாட்டப்பட்டிருந்தவை, பேச்சு பரவியதும் முதன்மை அறையின் நல்ல இடங்களுக்கு மாற்றப்பட்டன. அருகில் நின்றால் அள்ளித் தெளித்த வண்ணமாகத் தெரிவது எட்டி நின்றால் ஈரமும் காற்றுமாக மாறுவது பாரிஸ் ஓவியர்களைத் திகைக்க வைத்தது. ‘கியோசில் படுகொலை’ என்ற தம் பெரிய படத்தை அதே கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த யூஜின் டெலாக்ருவா, கான்ஸ்டபிளின் படங்களைக் கண்டபின் கடைசி நேரத்தில் அதன் சில பகுதிகளைத் திருத்தித் தீட்டினார். எதிர்ப்பும் இருந்தது. எழுத்தாளர் ஸ்தாந்தால் கான்ஸ்டபிளின் மெய்ம்மையைப் போற்றிய அதே கட்டுரையில், இந்தக் கண்ணாடியை இன்னும் கம்பீரமான ஓர் இடத்தின் முன் வைத்திருக்கலாமே என்ற குறையையும் பதிவுசெய்தார். குறை கூறப்பட்ட அந்த எளிய ஆற்றங்கரையே கான்ஸ்டபிளின் முழு வாதமும் என்பதை அவர் காணத் தவறினார். பத்தாம் ஷார்ல் மன்னர் கான்ஸ்டபிளுக்குத் தங்கப் பதக்கம் அளித்தார். 1825-இல் லீல் நகரக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்ட ‘வெள்ளைக் குதிரை’ அங்கும் ஒரு தங்கப் பதக்கம் பெற்றது.

படங்கள் கடல் கடந்தனவே தவிர, ஓவியர் கடக்கவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட இங்கிலாந்தை விட்டு வெளியேறாத கான்ஸ்டபிள், பாரிசின் புகழைக் கடிதங்கள் வாயிலாகவே கேட்டறிந்தார். ஆரோஸ்மித்தும் ஷார்ல் ஷ்ரோத் என்னும் மற்றொரு வணிகரும் தொடர்ந்து படங்கள் கேட்டு வாங்கினர். ஆனால் 1825-இல் ஆரோஸ்மித்தோடு ஏற்பட்ட மனக்கசப்பும், அதை அடுத்து அவ்வணிகர்களுக்கு நேர்ந்த பண நெருக்கடியும் அந்த வாயிலை அடைத்தன. 1827-ஆம் ஆண்டு சலோனில் ‘தானிய வயல்’ காட்டப்பட்டபோது பழைய பரபரப்பு எழவில்லை. அயல்நாட்டு வெற்றி என்பது இரண்டு மூன்று ஆண்டுகளின் கதை. அதைத் தாங்கியது ரசனை மட்டுமன்று, வணிகரின் முதலும்தான்.

தாய்நாட்டில் அந்தப் பதக்கங்கள் அவருடைய நிலையைப் பெரிதாக உயர்த்தவில்லை. மனைவி மரியா இறந்த சில மாதங்களில், 1829 பிப்ரவரியில், ஒரே ஒரு வாக்கு மிகுதியால், தம் ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் முழு உறுப்பினரானார். நல்ல வரலாற்று ஓவியர்கள் காத்திருக்க இவர் தேர்வானது பெரும்பேறு என்று உணர்த்தும் விதமாகவே அகாடமித் தலைவர் தாமஸ் லாரன்ஸ் அவரிடம் பேசினார். மறு ஆண்டு கான்ஸ்டபிள் தேர்வுக் குழுவில் அமர்ந்திருக்கையில், சால்ஸ்பரியின் நீர்ப்புல்வெளியைக் காட்டும் அவருடைய படமே வெளியாரின் படங்களோடு தவறுதலாகக் கலந்து வர, அருவருப்பான பச்சை என்று உடனிருந்தவர்கள் தள்ளினர். உண்மை தெரிந்தபின் ஏற்றுக்கொள்ள முன்வந்தும், கான்ஸ்டபிள் அதை வைக்க மறுத்துவிட்டார்.

கண்காட்சிச் சுவர் படங்களுக்கிடையே எத்தகைய போட்டியை வளர்த்தது என்பதற்கு 1832 சான்று. கண்காட்சி திறப்பதற்கு முன், மாட்டிய படங்களுக்கு உறுப்பினர்கள் மெருகெண்ணெய் பூசவும் திருத்தம் செய்யவும் விடப்பட்ட நாட்கள் மெருகு நாட்கள் எனப்பட்டன. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கான்ஸ்டபிள் உழைத்த ‘வாட்டர்லூ பாலத் திறப்புவிழா’, டர்னரின் சாம்பல் நிறக் கடற்காட்சிக்கு அருகே தொங்கியது. கான்ஸ்டபிள் தம் படத்தின் சிவப்பை மேலும் கூட்டிக்கொண்டிருக்க, உள்ளே வந்து இரண்டையும் பார்த்த டர்னர், தம் கடலின்மேல் ஒரே ஒரு செம்பொட்டை இட்டுவிட்டுப் பேசாமல் போனார். பின்னர் அதை ஒரு மிதவையாகத் திருத்தி முடித்தார்.

1837 மார்ச் 31 அன்று கான்ஸ்டபிள் இறந்தபோது அகாடமி சாமர்செட் மாளிகையைவிட்டு டிராஃபல்கர் சதுக்கத்துக்கு இடம் மாறியிருந்தது. புதிய இடத்தின் முதற் கண்காட்சியில் அவருடைய ‘அருண்டெல் ஆலையும் கோட்டையும்’ வைக்கப்பட்டது. அவ்வாண்டே நண்பர்கள் பணம் திரட்டி ‘தானிய வயலை’ வாங்கி லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு அளித்தனர். பிரான்சிலிருந்து திரும்பிய ‘வைக்கோல் வண்டி’ 1886-இல் ஹென்றி வான் என்னும் சேகரிப்பாளரின் கொடையாக அதே கூடத்தை அடைந்தது. பாரிஸ் கண்டெடுத்த மேதையை லண்டன் கைவிட்டது என்னும் பழங்கதை பாதியே மெய். படங்களின் அளவையும் வலிமையையும் வடித்தது லண்டன் சுவர். அவற்றுக்கு உரிய மதிப்பை முதலில் அறிவித்தது பாரிஸ். 1824 சலோனில் ‘வைக்கோல் வண்டி’யோடு தொங்கிய ஸ்டூர் ஆற்றுப் படம் இன்று கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் காட்சியகத்திலும், லீலில் பதக்கம் பெற்ற ‘வெள்ளைக் குதிரை’ நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பிலும் உள்ளன.