வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு (1996)

அன்றைய வடாற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில், தோல் பதனிடும் ஆலைகள் சுத்திகரிக்காத கழிவுநீரைப் பாலாற்றிலும் நிலத்திலும் விட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாது போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்ட முடிவு இதில் சான்றாக நின்றது. ஆய்வாளரின் சமூகப் பொறுப்புக்கு இதைவிடத் தெளிவான தமிழக எடுத்துக்காட்டு அரிது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த தீர்ப்பு, அறிவியல் உறுதிப்பாடு முழுமையடையவில்லை என்று காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், இழப்பீட்டோடு சூழலை மீட்கும் செலவையும் மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. எனினும் ஆலைத் தொழிலாளரின் உடல்நலம் வழக்கின் மையத்துக்கு வரவில்லை. மாசால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசே இழப்பீடு வழங்கி, அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.