நோய்க்கு வேலியா, இனத்துக்கு வேலியா?

அச்சம் அறிவை மறைக்கும்போது, அயலார் வாழும் தெருவே நோயின் பிறப்பிடமாகத் தோன்றிவிடுகிறது. இதற்குச் சான்றாகச் சான்பிரான்சிஸ்கோ நகரின் சீனர் குடியிருப்பை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இருப்புப்பாதை அமைக்க வேண்டப்பட்ட சீனர், வேலை அருகியதும் வேண்டாதவராயினர். 1882-இல் சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1900 மார்ச்சில் சீனர் ஒருவர் பிளேக் நோயால் இறக்கவே, நகரச் சுகாதாரக் குழு அக்குடியிருப்பைக் கயிறு கட்டி அடைத்தது. மே இறுதியில் மீண்டும் அடைத்தபோது, எல்லைக்கோடு வெள்ளையர் கட்டடங்களை மட்டும் விலக்கி வளைந்து சென்றது. சீன மளிகை வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். நோயுற்ற வீட்டைத் தனிமைப்படுத்தாது பல்லாயிரவரை ஒருங்கே அடைப்பது நோயைப் பெருக்குமேயன்றிக் குறைக்காது எனக் கூட்டரசு நீதிமன்றம் கண்டு, ஜூன் மாதத்தில் அவ்வடைப்பை நீக்கியது.

1906 நிலநடுக்கத்தில் குடியிருப்பு அழிந்தது. சீனரை நகரின் தென்கோடிக்கு அகற்றத் தலைவர்கள் முயன்றனர். சீனரோ பழைய இடத்திலேயே வீடு எழுப்பினர். 1943-இல் தடைச்சட்டம் நீங்கியபோதும், ஆண்டுக்கு 105 பேருக்கே இடமளிக்கப்பட்டது.

நோய்க்கு இட வேண்டிய வேலியை இனத்துக்கு இட்டால் நோயும் நீங்காது, நீதியும் நில்லாது. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்து, சங்கம் கண்டு வாழும் நாம் இதனை மறவாதிருப்போமாக.